மூணாவது டப்பா

எறும்புக்குப் பயந்துதான் பாஞ்சாலி அந்தக் காரியத்தைச் செய்தாள். அடையாறில் பூச்சி ஆராய்கிற கூடத்தில் பெருக்கித் துடைக்கிற தினக்கூலி அவள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் டப்பாக்களுக்கு அடியில் இருந்த தண்ணித் தட்டு வற்றிப்போக, திங்கள் காலை இரண்டு டப்பாவிலும் எறும்புச் சாரை. உள்ளே இருந்த சுவர்க்கோழிகளை அள்ளி ஒரே பக்கெட்டில் கொட்டிவிட்டாள்.

ஆராய்ச்சி மாணவன் ஷோயப் தலையில் கை வைத்தான். "அக்கா, ரெண்டும் வேற வேற இனம்!"

"இன்னா தம்பி, எல்லாம் ஒரே மூஞ்சியா கீது?"

"மூஞ்சி மட்டுமா? ஜீனைப் பிரிச்சுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. பாட்டுதான் வேற. நாளைக்கு ஜலஜா மேடம் வந்தா ரெண்டு பேரையும் துரத்துவாங்க."

"நீ படிச்சவன், பொழைச்சுக்குவே. நான் மறுபடி சித்தாளா கல்லு தூக்கணும்."

"அப்போ பாட்டை வெச்சே பிரிப்போம், வாங்க."

ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியதும் பட்டப்பகலில் பொழுது சாய்ந்தது. ஆண் பூச்சிகள் ஒவ்வொன்றாகச் சிறகை உரசின. ஒரு கூட்டம் கொத்தனார் கரண்டி செங்கல்லைத் தட்டுகிற மாதிரி விட்டு விட்டு. இன்னொன்று கிணற்று ராட்டினம் சுழல்கிற மாதிரி ஒரே இழுப்பு. காதால் பொறுக்கி இரண்டு டப்பாவில் போட்டார்கள்.

பெண் பூச்சிகள் பாடாது. நீளத் தட்டின் இரண்டு முனையிலும் டப்பாக்களை வைத்து, ஒவ்வொன்றாக நடுவில் விட்டான் ஷோயப். மீசையை அசைத்துக்கொண்டு நிற்கும். பிறகு தன் இனத்துப் பாட்டு வருகிற முனையைப் பார்த்து நடக்கும். பார்க்கப் பார்க்க பாஞ்சாலிக்குக் கண் சொருகியது. செங்கல்லும் இல்லாமல் சாரமும் இல்லாமல், வெறும் சத்தத்தாலேயே ஒரு கட்டடம் மாடி மாடியாக எழும்பிப் போவதுபோல் இருந்தது. அதில் அவள் சும்மா, தலையில் சுமையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பூச்சி மட்டும் நகரவே இல்லை.

"எதுலயாவது போடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுக்குத் தெரியுமே. தப்பா போட்டு அது குஞ்சு பொரிச்சா உன் ரெண்டு வருஷப் பாடு நாசமாப் பூடும், நைனா. தனியா வேற டப்பால வுடு."

"மூணாவது டப்பா எதுக்குன்னு மேடம் கேப்பாங்களே?"

"கேக்கட்டும். எறும்பு ஏறுச்சு, நான்தான் கொட்டினேன்னு சொல்லிக்கிறேன்."

நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ, மூன்று தட்டிலும் தளும்பத் தண்ணி ஊற்றினாள். மூணாவது டப்பாவில் அது ஒரு மீசையை இந்தப் பக்கமும் ஒரு மீசையை அந்தப் பக்கமும் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.