அறுபத்திரண்டு கிலோ

கார் நிக்கோபாரில் எங்களுக்கு ஒருவர் வயது இன்னொருவருக்குத் தெரியாது, எடை தெரியும். போர்ட் பிளேருக்கு ஹெலிகாப்டர் ஏறும்போதெல்லாம் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கிலோவைச் சொல்லி மானத்தை வாங்குவார்கள். மாதாமாதம் போர்ட் பிளேரிலிருந்து என்னைப் பார்க்க வந்துபோகும் என் வீட்டுக்காரர் சொக்கலிங்கம் அறுபத்திரண்டு. பத்து வருஷமாக ஒரு கிலோகூட ஏறியதில்லை என்று பெருமை வேறு.

அவர்தான் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி வந்து நினைவில்லாமல் கிடந்தார். "டாக்டர் கைவிரிச்சுட்டாருக்கா. வந்து முகத்தையாவது பாத்துடு" என்று என் தம்பி முத்துராஜ் போனில் அழுதான். கப்பல் என்றால் ஒரு ராத்திரி முழுக்கக் கடல். ஹெலிகாப்டர் என்றால் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அதுவரைக்கும் உயிரைப் பிடித்து வையும் மனுஷா என்று அவரைத் திட்டிக்கொண்டேதான் விமானத்தளத்துக்குப் போனேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு எடை மிஷினில் ஏறி நின்றேன். டிக்கெட் பார்க்கும் உதயசூரியன் முழித்தான்.

"டீச்சர், நூத்திருபது காட்டுது."

"யாரைடா சொல்ற? நேத்துலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. உன் மிஷின் கெட்டுக் கிடக்கு, பாரு."

அவன் ஏறிப் பார்த்தான், சரியாக இருந்தது. இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நர்ஸ் சங்கவியை ஏற்றினான், அதுவும் சரி. நான் மறுபடி ஏறினேன். நூற்றிருபது.

"உங்க வஜன், எடை, அம்பத்தெட்டுதானே டீச்சர். மீதி..." என்றவன் வாயை மூடிக்கொண்டான். கணக்கு அவனுக்கும் புரிந்துவிட்டது. "அரே, சொக்கலிங்கம் சார்..."

அப்போதுதான் தோளில் பாரம் உறைத்தது. யாரோ கை போட்டுச் சாய்ந்த மாதிரி இருந்தது. ஜில்லென்று வேறு.

முத்துராஜுக்கு அடித்தேன். லைன் போகவில்லை. போகாவிட்டால் என்ன, எனக்குத்தான் தெரிந்துவிட்டதே.

"இவ்வளவு வஜனை ஏத்த விடமாட்டாங்க டீச்சர்."

"ஏத்தவே வேணாம்ப்பா. அவரே இங்க வந்துட்டாரு. நான் அங்க போயி யாரைப் பாக்க?"

என் சீட்டைச் சங்கவிக்குக் கொடுக்கச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஓடினாள்.

ஹெலிகாப்டர் கிளம்பியது. வேலியோரம் நின்று வாய்விட்டு அழுதேன். "பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே" என்று அந்தக் குளிர்ந்த தோளைத் தடவிக்கொடுத்தேன். துக்கம் ஒரு பக்கம், என்னைத் தேடி வந்தாரே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சத்தம் கடல் பக்கம் போய் அடங்கியபோது போன் அடித்தது.

"அக்கா! மச்சான் கண்ணு முழிச்சுட்டாரு! இனி பயமில்லையாம். உன்னத்தான் கேக்குறாரு, இந்தா பேசு" என்று கத்தினான் முத்துராஜ்.

மெலிந்த குரல், ஆனால் சத்தியமாக அவருடையதுதான்.

"வசந்தா... ஏறிட்டியா?"

"இல்லைங்க. இங்கதான், வேலிகிட்ட நிக்கிறேன்."

"கூட யாரு?"

"யாருமில்லைங்க. தனியாத்தான்."



"அப்ப உன் பக்கத்துல மூச்சு வாங்குறது யாரு?" என்றார்.