அமரர் செல்லாயியின் தங்கச்சி

உயிலங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய செல்லாயி, அவித்த நிலக்கடலை நிறைந்த கச்சான் பானையைத் தலையிலிருந்து இறக்க முன்னரே தன் முகத்தைச் சுவரில் கண்டாள்.

மன்னார் பஸ் நிலையத்தின் மேற்குச் சுவரில் பத்தடி அகலத்துக்கு ஒரு பனர் கட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". அதற்குக் கீழே அவளுடைய படம். சந்தைப் பக்கம் யாரோ எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்ததால், அவளுடைய இடது காதோடு ஒரு கழுதையின் வலது காதும் சேர்ந்து வந்திருந்தது. அதன் கீழே "அமரர் செல்லாயி அம்மா அவர்கள்". அதற்கும் கீழே பாட்டு:

கச்சான் தந்த கையெங்கே
கனிந்து சிரித்த முகமெங்கே
மிச்சம் வைத்துப் போனாயே
மீளாத் துயரில் எங்களையே

பாட்டுக்குக் கீழே பஸ் நிலைய வர்த்தகர் நலன்புரிச் சங்கத்தின் நிருவாகத்தினர் பதின்மூன்று பேரும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் துயரில் ஆழ்ந்திருந்தார்கள். தலைவர் தனஞ்சயனின் துயரம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது. அவருடைய படம் செத்தவளுடைய படத்தைவிட ஒரு சாண் கூடுதல்.

செல்லாயி மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி "அமரர்" வரை வந்தவள், மேலே போக மனமில்லாமல் நின்றுவிட்டாள்.

"யா அல்லாஹ்! செல்லாயி அக்கா!" பக்கத்தில் காப்பு, கிளிப், சீப்பு விற்கும் நசீறா வண்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "நீங்க மவுத்தாப் போனீங்கண்டு சொன்னாங்களே! நான் ஓதியும் போட்டனே!"

"ஓதினது போகட்டும் புள்ள. என்ர இடத்தில என்னத்தைக் கட்டி வச்சிருக்கு?"

அவளுக்கு அதுதான் கேள்வி. சுவரும் வேம்பும் சேரும் மூலையில் நாலடி. பின்னேரம் மூன்று மணிவரை நிழல். பத்தொன்பது வருசமாக அவளுடைய பானையும் ஓலைப்பெட்டியும் இருந்த இடம். இப்போது அங்கே மாபிள் பதித்த ஒரு மேடையும், மஞ்சள் துணி மூடிய ஏதோவொன்றும் நின்றன. மீதி இருந்த ஒன்றரை அடியில், தலைவரின் மருமகன் கிருஷாந்தன் போன் கவர் விற்கும் நீலப்பெட்டி வந்து குந்தியிருந்தது.

"ஒங்கட ஞாபகார்த்தம்," என்றாள் நசீறா. "தண்ணிக் குழாய். இண்டைக்குப் பத்து மணிக்குத் திறக்கிறாங்க."

நடந்தது இவ்வளவுதான். நாற்பத்தைந்து நாளைக்கு முன் இதே மூலையில் செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். பஸ் நிலையத்தில் செய்தி இப்படி நடந்தது: "என்னவாம்?" "யாழ்ப்பாணத்துக்கு ஏத்தியாச்சாம்." "அப்ப முடிஞ்சுது." அதற்குமேல் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க நேரமும் இருக்கவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் மறுமலர்ச்சி மன்றத்தார் கடைசியாக விழுந்த மூன்று சாவுக்கும் முந்திக்கொண்டு பனர் கட்டியிருந்தார்கள். லொறிக்காரத் தங்கையாவுக்கு, பிரேதம் வீட்டுக்கு வந்து சேர முன்னரே கட்டிவிட்டார்கள். "இந்தச் சாவை விடேலாது," என்று தனஞ்சயன் அவசரக் கூட்டத்தில் சொன்னார். மூன்றாம் நாள் செல்லாயி வார்ட்டில் இருந்து முதல் வாய்க் கஞ்சி குடித்த நேரத்தில், மன்னாரில் அவளுடைய பனர் ஏறியது. செத்தவீட்டுக்குப் போவதா என்றும் பேசினார்கள். உயிலங்குளம் தூரம், வெயிலும் கடுமை, எப்படியும் பனர் கட்டியாயிற்று என்று அதை விட்டார்கள்.

அவளோ கிளிநொச்சியில் மகள் வீட்டில் தையல் ஆறும்வரை கிடந்துவிட்டு, இன்றைக்குத்தான் கச்சான் அவித்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தலைவர் வந்தார். மன்னார் வெயிலில் கோட்டுப் போட்டு நடமாடும் ஒரே மனிதர் அவர்தான். தபால் கந்தோரில் முத்திரை விற்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் கோட்டைக் கழற்றியதில்லை. செல்லாயியை ஒருதரம் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு செயலாளர் கபிலனைப் பார்த்தார்.

"வரவேண்டிய மாலை இன்னும் வந்து சேரேல்ல. வரக்கூடாத ஆள் வந்திட்டுது."

கபிலன் இளந்தாரி. இன்னும் பழகவில்லை. "தலைவர், அப்ப செத்தது ஆர்?" என்று கேட்டுவிட்டான்.

"ஒருத்தரும் சாகேல்ல எண்டு இப்ப சொல்லேலுமோ? குழாய்க்குக் காசு தந்த ஏரம்பர் சுவிஸில இருந்து பிளேன் ஏறி வந்து நிக்கிறார். கொண்டு வாரும் அவவைக் கந்தோருக்கு. வெய்யிலுக்க நிக்க விடாதேயும், சனம் பாக்குது."

சங்கக் கந்தோருக்குள் செல்லாயிக்குக் கதிரை போட்டார்கள். பத்தொன்பது வருசத்தில் முதல் கதிரை. பால் தேத்தண்ணி வந்தது. அவள் சரிந்து விழும்வரை "ஏய் கச்சான், பெட்டியை உள்ளுக்கு இழு" என்று கூப்பிட்ட தலைவரின் வாய், "குடியுங்கோ அம்மா" என்றது. செத்தால் மரியாதை கூடும் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இவ்வளவு கூடும் என்று நினைத்திருக்கவில்லை.

"ரெண்டு மணித்தியாலம் அம்மா," என்றார் தனஞ்சயன். "ரெண்டே ரெண்டு மணித்தியாலம் காலமாகி இருங்கோ. பிறகு உங்கட பாட்டில சீவியுங்கோ. ஆர் தடுத்தது?"

"அப்ப நான் சந்தைக்குள்ள போய் இருக்கிறன். முடியக் கூப்பிடுங்க."

"ஏன் ஒளிக்கோணும்? நிகழ்ச்சிநிரலைப் பாருங்கோ. ஒம்பதாவது, 'அமரரின் குடும்பத்தினர் உரை'. உங்கட குடும்பம் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாமல் நாங்கள் பட்ட பாடு! நல்ல காலம் நீங்களே வந்திட்டியள். நீங்கள் அமரரின்ர தங்கச்சி."

"எனக்குத் தங்கச்சி இல்லைங்க."

"அதுதான் சுகம். ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்."

செல்லாயி கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ர நாலடி?"

"முடிஞ்ச கையோட. குழாயடிக்குப் பக்கத்தில. இன்னும் நல்லம், தண்ணி குடிக்க வாற சனம் கச்சானும் வாங்கும்."

"சாமி சத்தியமா?"

"நான் தலைவர். எனக்கு ஏன் சத்தியம்?"

அந்த இடத்தில் அவள் எழும்பியிருக்க வேண்டும். ஆனால் தையல் இழுத்தது, கதிரை வசதியாக இருந்தது. அந்த நாலடிக்காக அவள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் ஆடியவள். அமைச்சர் வந்த நாட்களில் குப்பை லொறிக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறாள். ஒருமுறை சங்கத்தின் சிரமதானத்தில், தலைவர் தும்புத்தடியோடு படத்துக்கு நிற்க, சுவரோரம் முழுவதையும் தனியாளாகக் கூட்டியிருக்கிறாள். செத்துக் கிடப்பது அதைவிட லேசுதானே என்று நினைத்தாள்.

முறைப்படி முப்பத்தோராம் நாளில் வைத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. ஏரம்பருக்கு லீவு நாற்பத்தைந்தாம் நாளில்தான் கிடைத்தது என்பதால் முறையை நகர்த்தியிருந்தார்கள். பஸ் நிலையத்தில் நாள்தோறும் திரியும் கழுதைகளையும் நகர்த்தியிருந்தார்கள். விடியவே அவற்றைக் கலைத்துச் சந்தைக்குப் பின்னால் அடைத்தாயிற்று. நான்கு மதத்திலிருந்தும் ஒவ்வொருவர் வந்து, ஒருவரை ஒருவர் பாராமல் வரிசையாக இருந்தார்கள். பட்டுவேட்டியும் புலிப்பல் சங்கிலியுமாக ஏரம்பர் நடுவில். முன்வரிசையின் ஓரத்தில், யாரோ கொடுத்த வெள்ளைச் சேலையில் செல்லாயி.

"அமரருக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி," என்றான் கபிலன்.

செல்லாயியும் எழும்பித் தலையைக் குனிந்து நின்றாள். பானை ஆறிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு நிமிடம் கவலைப்பட்டாள். மற்ற நிமிடம் தனக்காக இவ்வளவு சனம் வாயை மூடிக்கொண்டு நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிருஷாந்தன் போனை உயர்த்தி எல்லாவற்றையும் லைவ்வில் விட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் பேசினார். அம்மா கையால் கச்சான் வாங்கி உண்ணாத கை இந்த மன்னார் மண்ணில் இல்லை என்றார். அந்த இடத்திலிருந்து அவளைக் கிளப்ப மூன்று முறை கடிதம் எழுதிய கையை உயர்த்தித்தான் அதைச் சொன்னார்.

பிறகு ஏரம்பர். "எண்பத்தாறாம் ஆண்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரேக்க, இந்த வேம்புக்குக் கீழ, இதே இடத்தில அம்மா இருப்பா. காசில்லாட்டியும் கூப்பிட்டுத் தருவா. 'தின்னடா ராசா' எண்டு சொல்லுவா. அந்த ருசி, சூரிச்சில எத்தினை ஹோட்டல் ஏறி இறங்கியும்..." கைலேஞ்சியால் கண்ணை ஒற்றினார்.

எண்பத்தாறில் அந்த வேம்பு முளைக்கவில்லை. செல்லாயி உயிலங்குளத்தில் யாருடையதோ வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். காசில்லாமல் வந்த பொடியன் எவனையும் அவள் ராசா என்றதில்லை. "ஓடு" என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சொல். இருந்தாலும் கேட்கக் கேட்க, அந்த அம்மா நல்ல மனுசியாக இருந்திருப்பாளோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது.

ஒன்பதாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப்பேர் அவளை நாள்தோறும் பார்க்கும் பஸ் நிலையச் சனம். ஓட்டோக்காரன் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, தலைவர் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"நான் செல்லாயின்ர தங்கச்சி," என்றாள். வேறொன்றும் வரவில்லை.

அது போதுமாக இருந்தது. ஏரம்பர் எழும்பி ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். "ஐயோ, அப்பிடியே அக்காவை உரிச்சு வச்ச மாதிரி!" என்று விம்மினார். கை தட்டினார்கள். மஞ்சள் துணி விலகியது. குழாயைத் திருக, இரண்டு தம்ளர் அளவு தண்ணீர் வந்து நின்றது. சுவருக்குப் பின்னால் வாளியும் புனலுமாக நின்றவனிடம் அவ்வளவுதான் இருந்தது. குழாய் இணைப்பு அடுத்த கட்டம் என்று தலைவர் விளக்கினார். அடுத்த கட்டத்தையும் தானே பொறுப்பெடுப்பதாக ஏரம்பர் அந்த இடத்திலேயே அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

சனம் கலைந்ததும் செல்லாயி பொன்னாடையை மடித்து இடுப்பில் செருகி, பானையைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள்.

"அதில வைக்கேலாது அம்மா," என்றான் கபிலன், அவள் முகத்தைப் பாராமல்.

தலைவர் பதிவுக் கொப்பியோடு வந்தார். அவளுடைய பெயர் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தது. "இந்த இடம் செல்லாயின்ர பேரில இருந்தது. விதி பதினொண்டு, உறுப்பினர் காலமானால் இடம் சங்கத்துக்கு. சகோதரங்களுக்குப் போகாது."

"நான்தாங்க செல்லாயி!"

"மெல்ல, மெல்ல. நாலு மதகுருமாருக்கு முன்னால தங்கச்சி எண்டு சொன்னது நீங்கள்தானே? லைவ்வில ஆயிரத்து நானூறு பேர் பாத்திருக்கினம். இப்ப செல்லாயி எண்டு வந்தால் அது ஆள்மாறாட்டம். பொலிஸுக்குப் போற கேஸ். உங்கட வயசுக்கு அது வடிவில்ல."

"நீங்கதான சொல்லச் சொன்னீங்க! முடிஞ்ச கையோட தாறன்னு சொன்னீங்களே!" கோபம் வந்தால் நாற்பது வருச மன்னார்ப் பேச்சு உதிர்ந்து, அவளுக்குப் பிறந்த மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"செல்லாயிக்குத் தாறன் எண்டு சொன்னனான். அவ இருந்தால் தந்திருப்பன்."

சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை இழுத்து நீட்டினாள். தனஞ்சயன் கண்ணாடியைப் போட்டு, முன்னும் பின்னும் மரியாதையாக வாசித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"செத்த ஆளின்ர அட்டையை வச்சுக்கொண்டு திரியக்கூடாது தங்கச்சி. உங்கட ஊர் விதானையிட்ட ஒப்படைச்சுப்போடுங்கோ."

செல்லாயி திரும்பினாள். "நசீறா, நீ சொல்லு புள்ள. நான் ஆரு?"

நசீறா காப்புகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வண்டில் நின்ற மூன்றடியும் அதே கொப்பியில்தான் இருந்தது. தலைவர் கொப்பியை மூடவில்லை. அடுத்த பக்கத்தை மெதுவாகத் திருப்பினார்.

"அக்கா நல்ல மனுசி," என்றாள் நசீறா காப்புகளைப் பார்த்து. "அல்லாஹ் அவங்களுக்கு நல்லதைக் குடுக்கட்டும்."

மூலைக்குள் போகாதே, குழாயடி நினைவிடம் என்று கபிலன் ஒரு கயிறும் கட்டிவிட்டான். அதற்குள் கழுதைகள் சந்தையிலிருந்து திரும்பிவந்து பனரின் நிழலில் வழமைபோல் நின்றன. அவற்றை ஒருவரும் கேட்கவில்லை.

நின்ற பஸ்களின் யன்னலுக்கு யன்னல் நடந்துதான் இனி விற்க வேண்டும். செல்லாயி கச்சானைக் கடதாசிச் சரைகளாகச் சுற்றி ஓலைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் தையலைப் பொத்தியபடி நடந்தாள். தலைமன்னார் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே ஏரம்பர்.

"அட, தங்கச்சியோ! அக்கான்ர தொழிலை விடாமல் செய்யிறியள். சந்தோசம், சந்தோசம். ஒரு சரை தாங்கோ."

கொடுத்தாள். நாலைந்தை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்ல," என்றார் ஏரம்பர் கடைசியில். "ஆனா அக்கான்ர கச்சானுக்குக் கிட்டவும் வராது."

செல்லாயி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா," என்றாள். "அவ உப்புக் கொஞ்சம் கூடப் போடுறவ."

கண்ணாடி ஏறியது.