இடது ஓரம்

அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் வேலை. ஞாயிறானால் கூடைப்பந்து ஆட்டங்களில் நடுவர். பயிற்சியாளர்கள் பெஞ்சிலிருந்து கத்துவதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். பந்தைப் பார்த்துக் கத்தலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், "அய்யய்யோ" என்று வானத்தைப் பார்க்கலாம். ஆனால் ஒரு மனுஷியைக் குறிவைத்து வாய் திறந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அடுத்தது டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருஷமாக அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

அந்த ஞாயிறு அரையிறுதி ஆட்டம். மின்வாரியப் பெண்கள் அணிக்கும் ஆஸ்பத்திரி நர்சுகள் அணிக்கும். மின்வாரிய அணியின் பயிற்சியாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். விசில் ஆட்டக்காரியாக இருந்த காலத்தில் அவளுக்கு அணித்தலைவி. பிறகு கூடப் பிறக்காத அக்கா.

ஆட்டம் தொடங்குமுன் இன்னொரு நடுவரான டிராயிங் மாஸ்டர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க அக்கா டீமாச்சே. அவங்க வாய் சும்மா இருக்காது. என்ன பண்ணலாம்?"

"எல்லாருக்கும் பண்றதைத்தான் மாஸ்டர். ஒரு தடவை சொல்வோம்."

அவரிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. போன வருஷம் அவளுடைய இடது கண்ணில் விழித்திரை விலகி அறுவைச் சிகிச்சை நடந்தது. நேராகப் பார்த்தால் எழுத்தெல்லாம் தெரியும். இடது ஓரம் மட்டும் திரை போட்ட மாதிரி இருட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, ஒரு மாதம் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள் கேப்டன்தான். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. விசிலைப் பிடுங்கிடுவாங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொன்னவளும் அவள்தான். விசில் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தை அடிக்கடி திருப்பிப் பார்த்துச் சமாளித்துக்கொண்டாள்.

முதல் பாதியிலேயே கேப்டன் கோட்டைத் தாண்டி வந்து கத்தினாள். "அது ஃபவுலா? கண்ணை எங்க வெச்சிருக்கே?"

கண் என்ற சொல் விசிலுக்குச் சுருக்கென்றது. வாய் தவறி வந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு பெஞ்சுப் பக்கம் போனாள். "அக்கா, இதுதான் எச்சரிக்கை. இனிமே பேசினா போட்டுடுவேன்."

"போடு, போடு," என்று சிரித்தாள் கேப்டன்.

மூன்றாவது கால்பகுதியில் ஏழாம் நம்பர் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரலிடுக்கில் ரத்தம். உதடு கிழிந்திருந்தது. முழங்கை பட்டதை விசிலும் பார்க்கவில்லை, எதிர்க்கோடியில் நின்ற மாஸ்டரும் பார்க்கவில்லை.

"உங்க பக்கத்துலயேதான் மேடம் இடிச்சா," என்றாள் நர்ஸ். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "இது மூணாவது தடவை. எப்பவும் உங்களுக்கு இந்தப் பக்கமா வந்துதான் இடிக்கிறாங்க." அவள் காட்டியது இடது பக்கம்.

தற்செயலாக இருக்கும் என்று விசில் நினைத்தாள். நினைக்க விரும்பினாள்.

நர்சுகள் டைம் அவுட் கேட்டார்கள். தண்ணீர் குடிக்க ஸ்கோர் மேசைக்கு வந்தவளின் காதில் நாலடி தள்ளி நின்ற மின்வாரியக் கும்பலின் பேச்சு விழுந்தது. கேப்டனின் குரல் அவளுக்கு எந்தச் சத்தத்திலும் தெரியும்.

"அவளுக்கு இடது ஓரம் தெரியாதுடி. அவ கழுத்தைத் திருப்புறதுக்குள்ள கையை எடுத்துடணும். அந்த ஏழாம் நம்பரை இன்னொரு தட்டு தட்டினா போதும், உட்கார்ந்துடுவா."

தம்ளரை மேசையில் வைத்தாள். தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்து, மூச்சடக்கிச் சொட்டு மருந்து விட்ட அதே ஆள். ஒரு ஆட்டம் ஜெயிப்பதற்காக.

அவள் மாஸ்டரைக் கூப்பிட்டு, கேட்டதைச் சொன்னாள். அவர் தயங்கினார். "நான் கேட்கலையே மேடம். டெக்னிகல் ஃபவுல் ஒண்ணு போட்டு முடிச்சுக்கலாம். எதுக்கு வம்பு?"

"ஆளை அடிக்கச் சொல்லியிருக்காங்க மாஸ்டர். கத்தினதுக்குத்தான் அது. இதுக்கு அது பத்தாது."

அவள் விசிலை ஊதினாள். கேப்டனைக் காட்டி, இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினாள். வெளியேற்றம்.

கேப்டன் அசையவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் புரிகிற ஒரு சிரிப்புடன் கேட்டாள்: "எதுக்கு? காரணத்தைச் சொல்லு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லேன் பார்ப்போம்."

சொல்ல மாட்டாள் என்று வைத்திருந்த நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. கேட்ட வார்த்தைகளைவிட அந்த முகம்தான் விசிலை அதிகம் சுட்டது.

"எனக்கு இடது ஓரத்துல பார்வை இல்ல," என்றாள் விசில். அவள் குரல் ஸ்கோர் மேசை வரை கேட்டது. "அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கமா வெச்சு அடிக்கச் சொன்னீங்க. வெளியே போங்க."

கேப்டனின் சிரிப்பு அவிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். ஏழாம் நம்பர் நர்ஸ் உதட்டில் பஞ்சோடு வந்து, வெளியேற்றத்துக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் விசிலின் இடது பக்கமாக வந்து நின்றுகொண்டார். ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. நர்சுகள் நாலு புள்ளியில் ஜெயித்தார்கள்.

கூடைப்பந்துச் சங்கத்துக்கு எழுதிய ஆட்ட அறிக்கையில் விசில் எதையும் மறைக்கவில்லை. பார்வைக் குறையைச் சொல்லாமல் ஒரு வருஷம் ஆட்டம் நடத்தியது தன் தப்பு, நர்சின் உதடு கிழிந்ததற்குத் தானும் ஒரு காரணம் என்றும் எழுதினாள். சங்கத்தார் ஆட்டக்காரிகளை விசாரித்தார்கள். இரண்டு பேர் உண்மையைச் சொன்னார்கள். கேப்டனுக்கு இரண்டு வருஷத் தடை. விசிலைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதில் அவள் தேறவில்லை. நடுவர் பட்டியலிலிருந்து பெயர் போனது.

மூன்று வாரம் கழித்து கேப்டன் மருந்துக்கடைக்கு வந்தாள். "என் பேரையும் கெடுத்து, உன் விசிலையும் தொலைச்சுட்டே. வாயை மூடிட்டு இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லா இருந்திருக்கும். உனக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்!"

"செஞ்சீங்க. அதான் இன்னும் தூக்கம் வரலை," என்றாள் விசில்.

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விசில் காத்திருந்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்தால் என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை. வரவில்லை.

"மருந்து ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "இல்லேன்னா கொஞ்சம் நகருங்க. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."