பூமி விடும் ஒரு மணிப் பெருமூச்சு

கிணற்று நீர் ஆய்வுக்கூடத்தில் மென்பொருள் ஏற்றும் வேலை பார்த்ததால் ‘இன்ஸ்டால் அக்கா’ என்று எல்லோரும் அழைத்த அந்தப் பெண்மணிக்கு அன்று மாலைக்குள் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. பதினோரு வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. வீட்டுக்கு யாராவது வந்தால் அவருடைய கணவர், “இது என் மனைவி, ஜூன் வரைக்கும் வேலையில இருக்கா” என்றுதான் அறிமுகம் செய்வார்.

மூன்று மணிக்கு மேலிடத்துக் குழு வருகிறது. அவர்கள் திமிலைக் கண்ணால் பார்த்துவிட்டால் அக்காவின் பதவிக்கு அங்கேயே கையெழுத்து.

திமில் என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு. கிணற்று நீர் நாள் முழுவதும் கிடந்த இடத்தில் கிடக்க, பகல் ஒரு மணிக்கு மட்டும் இரண்டு மடங்காக எழும்பி, இரண்டு மணிக்குச் சாதுவாகப் படுத்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் அசல் ஒட்டகத் திமில். ‘பூமியின் மதியப் பெருமூச்சு’ என்று அவர் எழுதிய கட்டுரை பதினெட்டு நாடுகளில் படிக்கப்பட்டது. படித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கிணற்றை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் திமில் சார்.

அந்தத் திமிலை வரையும் மென்பொருள் இருந்த பழைய கம்ப்யூட்டர் முந்தாநாள் லேசாகப் புகைவிட்டு உயிரை விட்டது. புது மெஷினில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்து வழக்கப்படி அதற்கு ஒரு நீல நோட்டு உண்டு. டெர்மினலின் கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய நாற்பத்து மூன்று கட்டளைகளை யாரோ ஒருவர் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். பன்னிரண்டாவது வரி தப்பு, பதின்மூன்றாவது அதன் திருத்தம். இரண்டையும் அடிப்பதுதான் மரபு. முப்பத்தோராவது வரியில், ‘டெஸ்ட் ஓட்டாதே’, அதாவது கணக்கு சரியா என்று சோதிக்காதே, என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காலை எட்டு மணிக்கு அக்கா உட்கார்ந்தார். மென்பொருள் தனியாக வர மறுத்தது. ஒரு லைப்ரரி வேண்டும் என்றது. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. யாரோ எழுதிவைத்த கணக்குகளின் மூட்டை, அடுத்த மென்பொருள் கூச்சமில்லாமல் எடுத்துப் புழங்கும். அந்த லைப்ரரி, தன் மச்சான் வராமல் படியேற மாட்டேன் என்றது. மச்சானைப் பிடித்து இழுத்து வந்தால் அவன் தன் சகலையைக் கேட்டான். சகலைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. இப்படி ஏழாவது ஆள்வரை போனபோது, அந்த ஏழாவது ஆள், முதலில் கிளம்பிய மென்பொருள் வந்து அழைத்தால்தான் வருவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கம்ப்யூட்டர் அறையில்தான் குளிர்ச்சி அதிகம் என்பதால் அங்கேயே குடியிருந்த ஏசி மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, பொண்ணு பார்க்கப் போறியா, சாஃப்ட்வேர் போடுறியா?”

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா மொத்தக் கூட்டமும் வண்டியை விட்டு இறங்கிடுது.”

“அந்தக் கடைசி ஆள் யாரைக் கேக்குறான்?”

“இன்னும் பிறக்காத ஆளை.”

“பேரை மட்டும் எழுதி வெச்சுப் பாரேன். நம்ம ஆபீஸ்ல பாதி நாற்காலி அப்படித்தானே ஓடுது?”

அக்கா அந்தப் பெயரில் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி வைத்தார். உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை. ஏழாவது லைப்ரரி அதைப் பார்த்துப் பரம திருப்தியோடு உள்ளே வந்தது. அது வந்ததும் சித்தப்பா, சகலை, மச்சான் எல்லோரும் வரிசையாக ஏறினார்கள். சகலையின் பழைய வெர்ஷன் மட்டும் இணையத்தில் சுலபமாகக் கிடைக்காததால் புதியதைப் போட்டிருந்தார். அந்த வெற்று ஃபைலைத் தவிர, அது ஒன்றுதான் நோட்டிலிருந்து அவர் விலகிய இடம்.

பன்னிரண்டு மணிக்கு வரைபடம் வந்தது. தேய்த்து மடித்த வேட்டி மாதிரி நேர்க்கோடு. திமிலைக் காணோம்.

அக்கா ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிட்டார். சகலையின் புது வெர்ஷனோடு வந்த குறிப்பைப் படித்தார். ‘அட்டவணையில் காலி இடம் இருந்தால் முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்து நிரப்ப வேண்டும். முந்தைய வெர்ஷன்களில் இரண்டால் வகுக்க மறந்துவிட்டோம். வருந்துகிறோம்.’ அட்டவணையைத் திறந்தார். மணிக்கு ஒரு அளவு. ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு எதிரே மட்டும் காலி.

கிணற்றடியில் அளவெடுப்பவருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, ஒரு மணிக்கு எங்க இருப்பீங்க?”

“சாப்பிடப் போவேன்மா. ஏன்?”

“அப்ப அந்த அளவு?”

“எடுக்காததை எப்படிம்மா எழுதுறது? மனசு வராது. காலியா விட்டுருவேன்.”

பூமியின் பெருமூச்சு என்று பதினெட்டு நாடுகள் படித்தது இந்த மனிதரின் சாப்பாட்டு வேளையைத்தான். அந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்த ஒரே நேர்மையைத்தான் திமிலாக வரைந்திருக்கிறார்கள்.

அக்கா இயக்குநரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். திமில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“இந்த லைப்ரரிய எழுதினது யாரு?”

“தெரியல சார். எங்கயோ நாலு பேரு.”

“நாலு பேரு தப்புன்னு சொன்னா தப்பாயிடுமா? பதினெட்டு நாடு சரின்னு சொல்லுதே!”

“வகுக்க மறந்துட்டாங்களாம் சார்.”

“அம்மா, உனக்கு வேலை நிரந்தரமாகணுமா, அந்த வகுத்தல் நிரந்தரமாகணுமா? யோசிச்சுச் சொல்லு. மணி ஒண்ணாகப் போகுது. பூமி பெருமூச்சு விடுற நேரம்.”

அக்கா வாசற்படி வரை யோசித்தார். ஜூன் வரை என்ற கணவரின் அறிமுகம் காதில் விழுந்தது. கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பி வந்து, செத்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பழைய சகலையைத் தோண்டி எடுத்து, முப்பத்தோராவது வரிக்கு இந்த முறை காரணம் தெரிந்தே கீழ்ப்படிந்து, டெஸ்ட் ஓட்டாமல் ஏற்றினார்.

மூன்று மணிக்குக் குழுவின் எதிரே திமில் எழுந்து நின்றது. குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

“சரியா ஒரு மணிக்கு ஏன்?” என்று கேட்டார்.

“வெயிலோட அழுத்தம்” என்றார் திமில் சார், இமைக்காமல்.

ஏசி மெக்கானிக்குக்குக் குளிரிலேயே இருமல் வந்தது.

ஆணை அன்றே கைக்கு வந்தது. நிரந்தரம்தான். ஆனால் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: ‘மேற்படி லைப்ரரியின் அதே வெர்ஷனை மாற்றமின்றிப் பாதுகாப்பதற்காக இப்பதவி உருவாக்கப்படுகிறது. வெர்ஷன் மாறினால் பதவி காலாவதியாகும்.’

கணவருக்கு இது நிறையவே பிடித்துப்போயிற்று. “இது என் மனைவி. வெர்ஷன் மாறாத வரைக்கும் வேலையில இருக்கா” என்று அறிமுகத்தை மாற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் திமிலும் அக்காவும் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அக்கா வரைபடத்தைப் பார்த்தார். திமில் பன்னிரண்டு மணிக்கு நின்றுகொண்டிருந்தது. செவ்வாயும் பன்னிரண்டு. புதனும் அப்படியே. போனைச் சுழற்றினார்.

“ஆமாம்மா, சர்க்கரை ஏறிடுச்சு. டாக்டர் பன்னெண்டு மணிக்கே சாப்பிடச் சொல்லிட்டாரு.”

வேலை போயிற்று என்றே முடிவு செய்து, வரைபடத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரின் முன்னால் போய் நின்றார். திமில் சார் தாளை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நகருதும்மா!” என்றார். “ஒரு மணி நேரம் முன்னால நகருது! பூமிக்கு மூச்சு வாங்குது! உலகத்துக்குச் சொல்லணும்!”

சொன்னார். இரண்டாவது கட்டுரை நாற்பது நாடுகளில் படிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு மாடி எழுந்தது. எல்லா மாடியிலும் அதே மென்பொருளை ஏற்றுவதற்கு அக்காவுக்கு ஒன்பது புது மெஷின்கள் வந்தன. முதல் மெஷினின் முன் உட்கார்ந்து நீல நோட்டைத் திறந்தவர், பென்சிலைச் சீவி, நாற்பத்து மூன்றாவது வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்:

‘44. கிணற்றடி அண்ணன் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’