யாரும் தொடாத சீட்

அந்தத் தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். வாடகைக் கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஹாரன் அடித்ததில்லை என்பதால் வைத்த பெயர். நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து சோம்பல் முறித்துப் போகும்வரை காத்திருப்பார். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் அவருக்கும் சேர்த்து அடித்துக்கொள்வார்கள்.

இந்த மனிதருக்குப் போய் சம்பந்தியாக வாய்த்தவர் மீட்டர். ஓட ஆரம்பித்தால் நிற்காது. காரில் இருக்கிற மீட்டரைச் சொல்லவில்லை, அவருடைய வாயைச் சொல்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று ஹாரன் மொத்தமாகப் பேசியது "வாங்க", "உக்காருங்க", "சரிங்க". மிச்சத்தை மீட்டர் பார்த்துக்கொண்டார்.

ஹாரனின் பழைய கார் உயிரை விட்டபோது யோசனை சொன்னதும் மீட்டர்தான். "என் வண்டி பகல் முழுக்கத் தூங்குது சம்பந்தி. நானும் தூங்குறேன். ராத்திரி நான் ஓட்டுறேன், பகல்ல நீங்க ஓட்டுங்க. எவனோ ஒருத்தன் கையில குடுக்கிறதுக்கு உங்ககிட்டக் குடுத்தா எனக்கென்ன, தேஞ்சா போயிடும்?"

தெருவே மெச்சிக்கொண்டது. சம்பந்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசாத வாய் இல்லை. ஆனால் ஹாரன் அதற்குச் சம்மதித்தது வருமானத்துக்காக மட்டுமல்ல என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும், கூர்ந்து பார்க்கிற யாருக்கும் தெரியும். சாயங்காலம் வண்டியை மீட்டரின் வீட்டு வாசலில்தான் கைமாற்ற வேண்டும். அந்த வீட்டில்தான் அவருடைய ஒரே மகள் இருக்கிறாள். பெண்ணைக் கொடுத்தவர் சும்மா சும்மா போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? சாவி கொடுக்கப் போகிறவரை யார் என்ன சொல்ல முடியும்? வண்டி வந்து நின்றதும் மகள் டம்ளரில் டீயோடு வெளியே வருவாள். அவர் பானெட்டில் சாய்ந்து நின்று குடிப்பார். "சாப்பிட்டீங்களாப்பா?" "ம்." "அம்மா?" "ம்." அதற்குள் மீட்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே வந்துவிடுவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் மனிதர் பகல் முழுக்க ஓட்டினார்.

சண்டை வந்தது சீட்டால்.

ஹாரனுக்கு இடுப்பில் பழைய வலி. வலது பின்புறத்தில் தொடங்கி தொடை வழியாகக் கணுக்கால்வரை கம்பியை இழுத்துவிட்ட மாதிரி போகும். அதனால் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்வார். மீட்டருக்குக் கழுத்து வலி. அவர் முதுகை வேறு மாதிரி சாய்த்துக்கொள்வார், மேலே மணி கோத்த விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வார். இவர் எடுத்ததை அவர் போட, அவர் போட்டதை இவர் எடுக்க, ஒரு நாள் மீட்டர் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்துவிட்டார். மேசையில் சொன்னது மாமியார் வழியாக மருமகளுக்குப் போயிற்று. "உங்கப்பாவுக்கு எங்க வீட்டு வண்டியில எதுவுமே ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் டீயோடு வந்த மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா, அந்தச் சீட்டைத் தொடாதீங்கப்பா. எப்படி இருக்கோ அப்படியே ஓட்டிட்டு வந்துடுங்க. எனக்காக."

"சரிம்மா."

உள்ளே அவள் புருஷனும் தன் அப்பா மீட்டரிடம் அதையேதான் சொல்லியிருந்தான். அதற்கும் பதில் "சரிடா"தான். அதன் பிறகு இரண்டு பெரிய மனிதர்களும் சீட்டைத் தொடவில்லை.

ஆனால் மறுநாள் காலை, ராத்திரி ஓட்டம் முடிந்து மீட்டர் வண்டியை விட்டுப்போகிற கழுவும் கொட்டகையில் அதை எடுக்கப் போன ஹாரனுக்கு மூச்சே நின்றுவிட்டது. சீட் முன்னால் வந்து ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகுப்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்திருந்தது. போதாததற்குக் கீழே ஒரு தடிமனான ஸ்பாஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறி டாஷ்போர்டில் இடித்தது, தலை கூரையில் உரசியது. மீட்டரின் கழுத்துக்கு இப்படித்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டார். எனக்காக என்று மகள் சொன்னது காதில் இருந்தது. அப்படியே ஓட்டினார்.

மாதக்கணக்கில் ஓட்டினார். வலி இடுப்பில் குடிவந்துவிட்டது. வீட்டில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள். "சொன்னாத்தான் என்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?" ஹாரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் ஏறிய சவாரி ஒரு பிசியோதெரபிக்காரம்மா. இறங்கிப் பெட்டியை எடுக்க ஹாரன் பட்ட பாட்டைப் பார்த்து, "பெட்டி கிடக்கட்டும், நீங்க மறுபடி சீட்ல உக்காருங்க ஐயா" என்றார். உட்கார்ந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதென்ன, யாராவது தண்டனை குடுத்திருக்காங்களா?"

முதலில் பின்பாக்கெட்டிலிருந்த பர்ஸை எடுக்கச் சொன்னார். ஸ்பாஞ்சைத் தூக்கிப் பின்னால் போட்டார். பிரேக்கை முழுதாக அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கிற அளவுக்குச் சீட்டைத் தள்ளவைத்தார். முதுகைச் சற்றே சாய்த்தார். ஒரு துண்டைச் சுருட்டிப் பெல்ட் கட்டுகிற இடத்துக்குப் பின்னால் செருகினார். சீட்டின் மேல் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையை விரித்து, "இறங்கும்போது ஒரு காலை மட்டும் வெளிய போட்டு முறுக்காதீங்க. ரெண்டு காலையும் சேத்துத் திருப்புங்க, பை வழுக்கும், தானாத் திரும்புவீங்க" என்றார். ஹாரன் அப்படியே திரும்பினார். பல மாதத்துக்குப் பிறகு பல்லைக் கடிக்காமல் இறங்கினார்.

"வலி போகாது. வண்டியோட நடக்கிற சண்டை குறையும், அவ்வளவுதான். அப்பப்ப நிறுத்தி இறங்கி நடங்க. கால் மரத்துப்போனா மட்டும் ஓட்டாதீங்க, நேரா என்கிட்ட வந்துடுங்க."

அதன் பிறகு ஹாரன் ஒரு திருட்டு வேலை செய்தார். காலையில் கொட்டகையைத் தாண்டி முதல் திருப்பத்தில் நிறுத்துவார், சீட்டைத் தள்ளுவார், துண்டைச் செருகுவார். சாயங்காலம் மகள் வீட்டுக்கு முந்தைய திருப்பத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் பழைய கொடுமைக்கே திருப்பிவைத்துவிட்டுப் போவார். ஸ்பாஞ்சு உட்பட. கள்ளக்காதல் நடத்துகிறவன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கமாட்டான். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. வாசலில் நின்று டீ குடிக்கும்போது "ம்" போய் "ஆமாம்மா" வந்தது.

அது நிலைத்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. ஒரு சாயங்காலம் அந்தத் திருப்பத்தில் மகளே நின்றிருந்தாள், கையில் காய்கறிப் பையோடு. "அப்பா!" என்று கதவைத் திறந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அன்றுதான். பை மடியில் சரிய, பக்கத்து வீட்டுப் பூனை செய்த அட்டகாசத்தைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்த சிரிப்பில் சீட் மறந்துபோயிற்று. மீட்டர் சாவியை வாங்கிக்கொண்டு போய், வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை கொட்டகையில் பார்த்தார். சீட் பழையபடி முன்னால். முதுகு நிமிர்ந்து. ஸ்பாஞ்சு அதன் இடத்தில். துண்டு பின்சீட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மீட்டர் மாற்றிவிட்டார். கோபத்தில் மாற்றிவிட்டார் என்று ஹாரன் முடிவு கட்டினார். சாயங்காலம் மீட்டர் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வாங்கினார். மீட்டர் பேசவில்லை என்றால் அது சாதாரண விஷயமா? ஏறி உட்கார்ந்தவர் ஹாரனை ஒரு பார்வை பார்த்தார், கதவைச் சாத்தினார், போய்விட்டார். டீயோடு வந்த மகளின் கண் சிவந்திருந்தது.

"ஏம்மா கண்ணு சிவந்திருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா, சளி."

சளி என்றால் சளிதான். ஆனால் எந்த அப்பாவுக்கு நம்பிக்கை வரும்? மறுநாள் காலை துண்டையும் பிளாஸ்டிக் பையையும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் திணித்தார். அதன் பிறகு சீட்டைத் தொடவேயில்லை. அவளுக்கு வந்த கஷ்டத்தைத் தன் இடுப்பில் கழித்துவிடலாம் என்று ஒரு கணக்கு. கால் மரத்தது. பிசியோக்காரம்மா சொன்னது நினைவிருந்தது, போகவில்லை. போனால் ஓட்டாதே என்பார். ஓட்டாவிட்டால் சாவி ஏது, வாசல் ஏது?

ஒரு மத்தியானம் பின்சீட்டில் ஒரு பயணி வாந்தி எடுத்துவிட்டார். கழுவுவதற்காகக் கொட்டகைக்குள் வண்டியைத் திருப்பினார் ஹாரன். மெதுவாகத்தான் வந்தார். பிரேக்குக்குக் காலை நகர்த்தினார், அதாவது நகர்த்தியதாக நினைத்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி நேராகப் போய்த் தண்ணீர் டிரம்களில் மோதியது. ஒன்று உருண்டது, ஒன்று உடைந்தது. கொட்டகை முழுக்க வெள்ளம்.

அங்கே கார் கழுவுகிறவள் நுரை அக்கா. ஆள் குள்ளம், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். ஓடிவந்து அவரை அணைத்து இறக்கி ஸ்டூலில் உட்காரவைத்தாள். "அண்ணே, ஒண்ணும் ஆகலை, டிரம்தான். மூச்சு விடுங்க." பிறகு வண்டியைத் தள்ளி நிறுத்துவதற்காக ஏறினாள். கை வழக்கம்போலச் சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தேடிப் போயிற்று. இழுக்கத் தேவையே இல்லை. கால் பெடலுக்குச் சரியாக எட்டியது. கண் கண்ணாடிக்குச் சரியாக இருந்தது. அச்சில் வார்த்த மாதிரி பொருந்தி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி வந்து அவரைப் பார்த்தாள்.

"அண்ணே... நீங்க என் சீட்லயா ஓட்டுறீங்க?"

"உன் சீட்டா?"

"கழுவிட்டு வெளிய எடுத்து நிறுத்த நான்தானே ஓட்டுவேன்? கால் எட்டாது, அதனால முன்னால இழுப்பேன். ஸ்பாஞ்சும் என்னுதுதான். ஒரு நாள் எடுக்க மறந்துட்டேன், அடுத்த நாளும் அங்கேயே இருந்துச்சு. சரி, உங்களுக்குப் பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன். சீட்டை அவங்கவங்க வந்து மாத்திக்குவீங்கன்னுல்ல நினைச்சேன்?"

தகவல் கேட்டு மீட்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்துசேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஈரத்தரையிலேயே குந்திவிட்டார். "நான் உங்களுக்குன்னு நினைச்சேன் சம்பந்தி. இடுப்பு வலிக்காரர், இப்படித்தான் வேணும்போலன்னு கழுத்தை ஒடிச்சுக்கிட்டு ஓட்டினேன். நடுவுல ஒரே ஒரு ராத்திரி, அடடா, சொகமா இருந்துச்சு. மறுநாளே பழையபடி ஆயிடுச்சு. ஏன் மாத்தினீங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பையன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேனே, எப்படிக் கேக்கிறது?"

ஹாரன் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நுரை அக்காவும் சேர்ந்துகொள்ளப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பாதம் தொங்கிவிட்டது. நடக்கப் பழக்கலாம், ஓட்ட முடியாது. பகலுக்கு நெட்டை என்று ஒருவனை மீட்டர் வைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்த ஹாரனைக் கூட்டிப்போக நெட்டை வந்தான். ஹாரன் தடியோடு பக்கத்து சீட்டில் ஏறினார். யாரோ அவருக்காக அதைச் சாய்த்து, இடுப்புக்குத் துண்டைச் சுருட்டி, பிளாஸ்டிக் பை விரித்து வைத்திருந்தார்கள். நுரை அக்காவாகத்தான் இருக்கும். நெட்டை ஏறினான், கையை அடியில் விட்டான், சர்ரென்று சீட்டைப் பின்னால் தள்ளினான். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்தான். அவ்வளவுதான் அந்த வேலை.

மீட்டரின் வாசலில் நிறுத்தி நீளமாக ஹாரன் அடித்தான். மகள் ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள். நெட்டைக்கானது. பக்கத்து சீட்டில் அப்பாவைப் பார்த்ததும் நின்றாள், திரும்பி உள்ளே ஓடி இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேம்மா. உனக்குச் சளி எப்படி இருக்கு?"

"அது எப்பவோ போயிடுச்சுப்பா." சிரித்தாள். "சூடா இருக்கு, ஆத்திக் குடிங்க."

அவர் ஊதி ஊதி, துளித்துளியாகக் குடித்தார். குடித்து முடிக்க அவசரம் இல்லாதவராகக் குடித்தார். அதற்குள் மீட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, நெட்டை இறங்கியதும் ஏறினார். "நானே வீட்ல விட்டுட்டுப் போறேன் சம்பந்தி. நெட்டைக்கு வீட்டுக்குப் போற அவசரம்." சீட்டைத் தன் கழுத்துக்குத் தோதாகச் சரிசெய்தார். "இப்ப பாருங்க, ராஜா மாதிரி இருக்கு!"

மகள் டம்ளரை வாங்கிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள். வண்டி கிளம்பியது. ஹாரன், தன்னை அறியாமல், வலது காலால் பிரேக்கை அழுத்தப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பிரேக் கிடையாது. இருந்திருந்தாலும் அந்தக் கால் அழுத்தியிருக்காது.