சீனியின் கோணி

இளைப்பு எதனால் வருகிறது என்று பார்க்க, காவியாவின் முன்கையில் நர்ஸ் பேனாவால் வரிசையாக எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டு, சொட்டின் நடுவே ஊசி முனையால் லேசாகக் குத்தினாள். குழந்தை அழவில்லை. அப்பன் வேதகிரிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு இடம் கொசுக்கடி போலத் தடித்தது. ஒன்று எல்லோருக்குமே தடிக்குமாம். மற்றதை நர்ஸ் ஸ்கேல் வைத்து அளந்தாள்.

"வூட்ல நாய் வளக்கறீங்களா?"

"ஆமாம்மா. சீனின்னு ஒண்ணு கீது."

"அதான் பாப்பாவுக்கு ஒத்துக்கல. நாய்த் தோல்லருந்து பொடி உதிரும், கண்ணுக்கே தெரியாது. துணி, பாயி எல்லாத்துலயும் ஒட்டிக்கும். நாயப் பிரிச்சிதான் வெக்கணும்."

பிரிப்பது மட்டும்தான் வேதகிரியின் காதில் விழுந்தது. அதற்கப்புறம் வேறெதுவும் யாருக்குத்தான் விழும்? அறுப்பு முடிந்த வயலில் எந்த எலிவளையில் நெல் இருக்கிறது என்று மோந்தே சொல்லிவிடும் சீனி. அது காலால் மண்ணைப் பறித்த இடத்தில் மண்வெட்டி போட்டு அவன் ஏமாந்ததே கிடையாது. போன மழையில் வீட்டுக்குள் வந்த பாம்பை முதலில் பார்த்துக் குரைத்ததும் அதுதான். ஆனால் காவியாவுக்கு இளைப்பு வந்து நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கும்போது, பெற்றவனுக்கு எலியாவது நெல்லாவது.

நாயைக் கொண்டுபோய் விட அவர்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கோணியில் போட்டு வாயைக் கட்டித் தூக்கிப்போக வேண்டும். வழியைப் பார்த்துவிட்டால் திரும்பி வந்துவிடும். ஆற்றையும் தாண்டிவிட வேண்டும். சீனி படுக்கிற கோணியையே எடுத்துக் கொடுத்தாள் பெண்டாட்டி ஆதிலட்சுமி. தன் படுக்கை என்று அது தானாகவே உள்ளே போனது. முரண்டு பிடித்திருந்தால் அவனுக்கு இத்தனை வலித்திருக்காது. பாலாற்றைத் தாண்டி, பழையசீவரத்தில் சவுக்குத்தோப்புக் காவலிருக்கும் மச்சான் பச்சமுத்துவிடம் விட்டுவிட்டு, கோணியை உதறி மடித்து எடுத்துவந்தான். கிழியாத கோணியைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்?

மூன்று நாளாகியும் இளைப்பு நிற்கவில்லை.

"நாயும் போச்சி, இளப்பும் போவல. இன்னா டெஸ்ட்டு எடுத்தாங்களோ!" என்று ஆதிலட்சுமி மூக்கைச் சிந்தினாள். சரி, திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று அவனுக்கும் ஆசை வந்தது. பச்சமுத்துவுக்குப் போன் போட்டான்.

"அது கயித்த அறுத்துக்கினு பூட்ச்சி மாமா. ஆத்துப் பக்கம் ஓடிச்சாம். தேடாத எடமில்ல. உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்..."

போனை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனான். பள்ளிக்கூடம் போகாத காவியா, சீனியின் கோணியைப் பாய்மேல் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். நாயைக் கேட்டு அழுகிறாளே என்று ஆதிலட்சுமிதான் அதை எடுத்துக் கொடுத்திருந்தாள். மூச்சு விசில் மாதிரி கேட்டது.

"நைனா, மோந்து பாரேன். இன்னும் சீனி வாசன கீது."

நர்ஸ் சொன்ன துணியும் பாயும் அப்போதுதான் அவன் காதில் விழுந்தன. குனிந்து கோணியின் முனையைப் பிடித்தான். இதை எடுத்தால் பாய், பாயை எடுத்தால் அவள் பாவாடை, அவன் லுங்கி, இந்த மண்தரை. சீனி இல்லாத இடம் இந்த வீட்டில் எது?

காவியா மறுமுனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன்கையில் பேனா எண்கள் இன்னும் முழுசாக அழியவில்லை. வேதகிரி இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.