தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் டீச்சர் லவேனியா அந்தத் தப்பைச் செய்தாள்.

"மேடம், தலைநகரு சுவாவுல பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கணக்கு, அறிவியல்னு ஏதோ முகாமாமே? நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து ரெண்டு பேராமே?" என்று கேட்டாள் உனைசி. சவுசவு நகரச் சந்தையில் கிழங்கு விற்பவள். அவள் மகள் லோசலினிதான் ஏழாம் வகுப்பில் எப்போதும் முதல்.

"லோசலினி போகாம வேற யாரு போவாக்கா?" என்றாள் லவேனியா.

சொல்லி வாய் மூடுவதற்குள் உனைசி அவளை இழுத்து அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள். அடுத்த கணம், "ஏய், கேட்டியா?" என்று நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். முகாமிலிருந்து வந்த கடிதத்தை லவேனியா அதுவரை முழுதாகப் படித்திருக்கவில்லை. முதல் பத்தியோடு சரி.

திங்கள்கிழமைதான் மிச்சத்தைப் படித்தாள். "மதிப்பெண் பட்டியல் வேண்டாம். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடாமல் துரத்துகிற இரண்டு பெண்களை அனுப்புங்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்" என்றிருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் வெராமு மாஸ்டரிடம் ஓடினாள். அவர் வழக்கம்போல் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் தாலோ என்கிற சேப்பங்கிழங்கு போட்ட தன் பாத்தியில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வோர் இலையும் குடை அளவு இருந்தது. வைலோமா ஊரில் வேறு யார் தோட்டத்திலும் இப்படி விளைந்ததில்லை என்பதை அவர் யாருக்கும் மறக்க விட்டதில்லை.

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசன? மார்க்குல முதல் ரெண்டு பேர எழுதி அனுப்பு. லோசலினி, ஷாலேஷ்னி. வேல முடிஞ்சுது" என்றார்.

"மார்க் வேண்டாம்னு எழுதியிருக்காங்களே மாஸ்டர்."

"அப்ப உன் இஷ்டம். இந்த இலையப் பாத்தியா? எல்லாம் கைராசி."

லவேனியாவுக்கு வைலோமாவில் இது முதல் வருஷம். ஒரு கேள்வியைத் துரத்துகிறவள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதியம் டீ குடித்த குவளையை மழைநீர்த் தொட்டிக் குழாயில் அலம்பிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் நூல் மாதிரி மெலிந்து வந்தது. போன வருஷம் இதே தொட்டி வறண்டு ஒரு வாரம் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு மூடினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். குவளையை அப்படியே வைத்துவிட்டு வகுப்புக்குப் போய், ஏழிலும் எட்டிலும் இருந்த பத்தொன்பது பெண்களையும் கூட்டிப் பலகையில் எழுதினாள்: 'நம் தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?'

"மேல ஏறக்கூடாது. மூடியத் திறக்கக்கூடாது. புதன்கிழமை வரைக்கும் டைம். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னும் எழுதணும்."

அன்றே ஆரம்பித்தது கூத்து. இரண்டு பேர் குழாயைத் திறந்துவிட்டு வாளி வாளியாக எண்ணத் தொடங்க, வெராமு மாஸ்டர் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. ஒருத்தி கல்லால் அடித்து ஓசை கேட்டாள். இன்னொருத்தி, 'கடவுள் ஒருவருக்கே தெரியும்' என்று எழுதி, அடியில் அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

லோசலினி நூலால் தொட்டியின் சுற்றளவை அளந்து, நிழலை வைத்து உயரம் கணக்கிட்டு, செவ்வாய்க்கிழமை காலையிலேயே விடையைக் கொண்டுவந்தாள். பத்தாயிரத்து நாற்பது லிட்டர். கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. லவேனியா சந்தோஷமாக 'மிக நன்று' என்று எழுதினாள். அவள் போன பிறகு திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. அது தொட்டி கொள்ளும் அளவு. உள்ளே இருக்கும் தண்ணீர் அல்ல.

எட்டாம் வகுப்பு ஷாலேஷ்னி வேறு வழியில் போனாள். தொட்டியைக் காலி செய்து கழுவி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பெய்த மழையை மாஸ்டரின் மழைமானி நோட்டிலிருந்து எடுத்தாள். கூரையின் நீளம், அகலத்தைக் காலடியால் அளந்தாள். பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறார்கள் என்று இடைவேளை முழுவதும் குழாயடியில் உட்கார்ந்து எண்ணினாள்.

"ஆறாயிரம் லிட்டர், மேடம். முன்னப் பின்ன முந்நூறு இருக்கலாம்."

"முந்நூறா?" என்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. "ரெண்டாயிரம்கூட தேறாதுடி."

தரைவினி. அப்பாவின் படகில் வந்து, தினமும் கால்மணி நேரம் தாமதமாக வகுப்புக்குள் நுழைகிறவள். கணக்கில் முப்பதைத் தாண்டியதே இல்லை. தொட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நின்றிருந்தாள்.

"வெயில் ஏறட்டும்னு காத்திருந்தேன் மேடம். இப்பத் தொட்டுப் பாருங்க. இங்க சுடுது. இங்கயும் சுடுது. முழங்காலுக்குக் கீழ ஜில்லுனு இருக்கு. தண்ணி அதுவரைக்கும்தான்."

"தொட்டுப் பாக்கறதெல்லாம் ஒரு கணக்கா?" என்றாள் ஷாலேஷ்னி.

"நீ மட்டும்? வானத்தப் பாத்து எண்ணிக்கிட்டுத்தானே இருந்த?"

"எண்ணல, அளந்தேன்!"

"அளந்ததெல்லாம் உள்ள வந்துச்சான்னு பாத்தியா?"

ஷாலேஷ்னி தானும் தொட்டியில் கையை வைத்தாள். லவேனியாவும் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கத்தியால் கோடு போட்டதுபோல் முழங்கால் உயரத்தில் சூடு நின்று குளிர்ச்சி ஆரம்பித்தது. தரைவினி சொன்னது சரி. ஷாலேஷ்னியின் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதிலும் தப்பில்லை.

"அப்ப நாலாயிரம் லிட்டர் எங்கடி போச்சு?" என்றாள் லவேனியா. டீச்சராகக் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது.

அதன் பிறகு அந்த இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. தொட்டியின் அடியில் படுத்து ஈரம் தேடினார்கள். குழாயைத் துணியால் துடைத்துச் சொட்டுகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மரவள்ளியைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். ஷாலேஷ்னி தன் ரொட்டியில் பாதியைத் தரைவினியிடம் நீட்டிக்கொண்டே, "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"மழ வரணும். மழ வந்தாத்தான் அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்" என்றாள் தரைவினி.

புதன்கிழமை பத்தரை மணிக்கு மலைப்பக்கம் இருண்டது. தகரக் கூரையில் முதல் துளி விழுந்ததும் இரண்டு பேரும் எழுந்தார்கள், அனுமதி கேட்கவில்லை. லவேனியாவும் சாக்குக்கட்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். கூரையோரத்துத் தகரக் கால்வாயைப் பார்த்தபடியே கட்டடத்தைச் சுற்றினார்கள். பின்புறம் திரும்பியதும் தரைவினி கத்தினாள்.

கூரையிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாயின் வளைவு, செம்பருத்திப் புதருக்குள் மறைந்த இடத்தில் பிளந்திருந்தது. கூரைத் தண்ணீர் அதிலிருந்து அருவியாகக் கொட்டி, ஒரு சின்ன வாய்க்காலாகி, நேராக வெராமு மாஸ்டரின் தாலோப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் குடையோடு வந்து நின்றார். குழாயைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"கைராசின்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக.

முதலில் சிரித்தது ஷாலேஷ்னிதான். அப்புறம் மாஸ்டருக்கே தாங்கவில்லை. குடை ஆட ஆடச் சிரித்தார். அன்று மாலையே வளைவை மாற்றினார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதக் கேட்ட ஒரு பக்கம் லவேனியாவுக்கு நாலு பக்கமாயிற்று. பெயர்களை எழுதும்போதுதான் பேனா நின்றது. ஷாலேஷ்னி. தரைவினி. உனைசியின் முத்தம் இன்னும் கன்னத்தில் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை கடிதத்தை அனுப்பினாள்.

அன்று மாலை உனைசி வீட்டுக்குப் போனாள். உனைசி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். லோசலினி பக்கத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். லவேனியா பாயில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் தப்பாப் போட்டேனா மேடம்?" என்றாள் லோசலினி.

"உன் கணக்குல ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் கேட்டது வேற."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. 'மிக நன்று'ன்னு எழுதினீங்க."

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

லோசலினி கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. லவேனியா தலையைக் குனிந்துகொண்டாள்.

உனைசி கையிலிருந்த தேங்காய் மூடியைத் துருவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்தாள். "இந்தா பொண்ணே, அவ அழுதா நான் பாத்துக்கறேன். அழுது முடிச்சா சரியாயிடுவா. என் கஷ்டம் வேற. சவுசவு பஸ்ஸுல பதினெட்டுப் பேருகிட்டச் சொல்லிட்டேன். டிரைவரோட சேத்துப் பத்தொன்பது. நாளைக்கு அதே பஸ்ஸுலதான் போகணும். நீயும் வா. நீயே சொல்லு."

"நானா?"

"பின்ன? வாய விட்டது நானா?"

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லவேனியா கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள், "என்னக்கா, சுவா போற மக எங்க?" என்று கேட்க, உனைசி முழங்கையால் லவேனியாவை இடித்தாள். லவேனியா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேல. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றாள். முதல் தடவை பக்கத்து மூட்டைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நாலாவது தடவை, "மேடம், சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி கேக்கல!" என்று டிரைவர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

"அப்ப யாருதான் போறா?" என்று ஒரு மீன்காரி கேட்டாள்.

லவேனியா பதில் சொல்லுமுன் உனைசி முந்திக்கொண்டாள். "அதக் கேளு! ஒருத்தி மழைய எண்ணினா, ஒருத்தி தொட்டியத் தொட்டுப் பாத்தா..." என்று ஆரம்பித்தாள். அடுத்த நிறுத்தத்தில் நாலாயிரம் லிட்டர் எட்டாயிரம் ஆனது. சந்தை வந்து சேர்ந்தபோது வெராமு மாஸ்டர் தாலோப் பாத்தியில் நீந்தியே கரையேறியிருந்தார்.

முகாமுக்குப் போகிற நாளில் லவேனியா இரண்டு பெண்களையும் சுவா கப்பல் கிளம்பும் துறைக்குக் கூட்டிவந்தாள். ஷாலேஷ்னியின் அம்மா ஒரு வாரத்துக்குத் தாங்கும் அளவு ரொட்டி சுட்டுக் கொடுத்திருந்தாள். தரைவினியின் அப்பா, மகள் தன் படகைவிடப் பெரிய படகில் ஏறுவதைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அம்மாவோடு லோசலினியும் வந்திருந்தாள். லவேனியாவிடம் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. 'காலை வணக்கம் மேடம்' என்பதோடு சரி. நேராகத் தரைவினியிடம் போய் ஒரு புது நோட்டை நீட்டினாள்.

"அங்க என்ன கேள்வி கேட்டாலும் இதுல எழுதிக்கிட்டு வா. பதில் எழுதாத. நான் போட்டுக்கறேன்."

"என் கையெழுத்து எனக்கே புரியாதுடி."

"அப்ப ஷாலேஷ்னிய எழுதச் சொல்லு. கேள்விய அப்படியே எழுதணும். ஒரு வார்த்த விடக்கூடாது."

தரைவினி நோட்டை வாங்கிப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். ஷாலேஷ்னி அவள் முதுகைத் தள்ளினாள். இரண்டு பேரும் படியேறி மேல்தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். உனைசி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். கப்பல் ஊதியது.